நானூறு ராத்தல்

அந்த ஆல்பத்தை நீங்கள் காதால் அறிவீர்கள்.
எனக்கு அது இடுப்பு வலியாகத் தெரியும்.
ஆர்கன் நானூறு ராத்தல்,
கொசுறாகப் பெடல் பலகை, ஒரு பெஞ்ச்,
சுழலும் ஒலிபெருக்கி அடைத்த அலமாரி ஒன்று.
நூவர்க் நகரம், பிப்ரவரி,
பனி இறுகிய பதினான்கு படிகள்.
வெண்டெல் முன்னால், ப்யூஃபர்ட் பின்னால்,
நான் வழக்கம்போல நடுவில்,
எது வழுக்கினாலும் என்மேல் விழும் இடத்தில்.

ஸ்டுடியோ என்று பெயர். முன்பு ஐஸ் கிடங்கு.
குளிர் அங்கே வாடகை தராமல்
இன்னும் குடியிருந்தது.
ரேடியேட்டரைத் திறந்தால் சீறும்,
சீறினால் மைக்கில் விழும்.
அணைத்துவிட்டு, ஓவர்கோட்டோடு தொடங்கினார்கள்
வெப்பமண்டலத்தை.

லூசியஸ் டார்ப்லி
கையுறையின் விரல்நுனிகளை வெட்டியிருந்தார்.
ஞாயிறு பெந்தெகொஸ்தே சபை,
வெள்ளி இரவு பாலத்தடி மதுக்கூடம்,
இரண்டுக்கும் ஒரே இடது கால்.
பாஸ் வாசிப்பது அந்தக் கால்தான்.
ஒன்று என்றால் ஒன்றில் இறங்கும்,
நியாயத்தீர்ப்பு நாள் மாதிரி.

எலாடியோ அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில்
ஷிப்ட் முடித்து நேரே வந்தான்,
புருவத்தில் அட்டைத் தூள்.
காங்காவின் தோல் குளிரில் தொய்ந்துகிடந்தது.
காபி போடும் மின் அடுப்பின்மேல்
அதைக் குப்புறப் பிடித்து
மெல்ல மெல்லத் திருப்பினான்.
சுண்டிப் பார்த்தான். இல்லை.
இன்னும் கொஞ்சம். இல்லை.
அப்புறம் அது
'ம்' என்றது.

முதல் டேக்: கால் ஒன்றில் விழுந்தது.
இரண்டாவது: விழுந்தது.
மூன்றாவதில் கண்ணாடிக்கு அப்பால்
மிஸ்டர் க்ராஸ்னர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மணிக்கு இத்தனை என்று வாடகை.
எலாடியோ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்:
"ஒன்று வந்து கதவைத் தட்டினால்
ஓடிப்போய்த் திறக்கிறாய் நீ.
தட்டட்டும் விடு.
அதற்குள் பின்வாசல் வழியே
நீ தெருவுக்குப் போயிருக்க வேண்டும்."

லூசியஸ் சிரித்தார். தலைக்குப் புரிந்துவிட்டது.
காலுக்கு அல்லவா புரியவேண்டும்.

நான்காவது டேக்கில் நடந்ததை
ஆர்கன் போர்வையைச் சுற்றிக்கொண்டு
சுவரோரம் நின்று பார்த்தேன்.
பாட்டின் நடுவே எலாடியோ எழுந்தான்.
ஷூவைக் கழற்றியிருந்தான், சத்தமில்லை.
ஆர்கனடியில் மண்டியிட்டு
லூசியஸின் கணுக்காலைப் பற்றினான்.
ஒன்று வந்தது. பிடி இறுகியது.
ஒன்று போயிற்று.
கூரை விழவில்லை.
இன்னொரு ஒன்று. அதுவும் போயிற்று.
மேலே விரல்கள் எதுவும் தெரியாததுபோல்
ஓடிக்கொண்டிருந்தன.

எட்டாவதில் கையை எடுத்தான்.
கால் அந்தரத்தில் நின்றது,
குளிக்கும் தொட்டியில்
சூடு பார்ப்பவனுடைய கால்போல.
பிறகு தானாகவே
ஒன்றுக்கு அரை மூச்சு முன்னால்
பக்கவாட்டில் இறங்கியது.
நானூறு ராத்தலும் இடுப்பை ஒரு பக்கம்
ஒடித்துக்கொண்டதை
என் உள்ளங்காலில், பலகைத் தரை வழியே, கேட்டேன்.

ஆல்பம் ஜூனில் வந்தது.
'டார்ப்லி வெப்பமண்டலத்தில்'.
அட்டையில் ஈர மணலில் ஒரு பெண்,
காலுறை விளம்பரத்துக்கு எடுத்து மிஞ்சிய படம்.
எலாடியோ பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
பின்னட்டையில் யாரோ எழுதியிருந்தார்:
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில்
எட்டுச் சுற்றுக்குக் காங்கா நின்றுவிடுகிறது,
என்ன துணிச்சலான மௌனம் என்று.
துணிச்சலாம்.
அவன் கைக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
அன்றிரவு ஆர்கனை இறக்கும்போது
ஆறாவது படியில் வெண்டெல் "ஒன்று!" என்றான்.
அவர்கள் இருவரும் தூக்கினார்கள்.
நான் தூக்கவில்லை.
அது போகட்டும் என்று நின்றேன்,
ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.
ஆர்கனின் இடது மூலை கருங்கல்லில் இடித்து
ஒரு விரல் அகலத்துக்குத் தெறித்தது.
ப்யூஃபர்ட் என் தாயை இழுத்துத் திட்டினான்.
பதினொரு டாலர் கூலியில்
இரண்டு டாலர் பிடித்துக்கொண்டார்கள்.

நியாயம்தான்.