பத்துக்கு எத்தனை

எபேன், ஒன்பதாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே மெத்ரோ போகிறது.
உள்ளே நான் சோஃபி.
லியோனில் யாருக்கோ இணையம் வரவில்லை,
மன்னிப்புக் கேட்பது என் வேலை.
நன்றாகவே கேட்பேன்.

இடைவேளையில் படிவம் வந்தது:
இந்த நிறுவனத்தை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா,
பத்துக்கு எத்தனை?

புதன்கிழமை வாழைப்பழம் இலவசம்.
தியான அறை உண்டு, அங்கே
உடைந்த நாற்காலிகள் தியானத்தில் இருக்கின்றன.
இரவு வேன் வாசல்வரை வரும், குறை சொல்ல மாட்டேன்.
காப்பீடு பல்லுக்கு உண்டு, கண்ணுக்கு இல்லை.
திரையைப் பற்களால் பார்க்கிறோம் என்று
நினைத்தார்களோ என்னவோ.

நாம் ஒரே குடும்பம் என்கிறது சுவர்.
குடும்பத்தில் கழிப்பறைக்குப் போனால்
நிமிடம் எண்ண மாட்டார்கள்.
(எங்கள் வீட்டில் எண்ணுவார்கள். ஆறு பேர், ஒரு கதவு.)

காவடிக்கு நாட்டுக்கே விடுமுறை,
பிரான்சுக்கு இல்லை.
கோவிலன் நாளை நான் வாங்கிக்கொண்டேன்,
இரட்டைச் சம்பளம், பொய் எதற்கு.
மறுநாள் வந்தான்,
கன்னத்தில் வேல் புகுந்த இடத்தில் திருநீறு.
போன்ழூர் பாதியிலேயே நின்றது.

லீடர் மிரெய் எதுவும் கேட்கவில்லை.
அவன் வரிசையை எழுத்து அரட்டைக்கு மாற்றிவிட்டு
காப்பி எடுக்கப் போய்விட்டாள்.
அவன் அழைப்புகள் என் காதில் விழுந்தன.
அன்று சோஃபி கேட்ட மன்னிப்புக்குக் கணக்கில்லை.

ஆறு என்று போட்டேன்.
அழித்தேன்.
கருத்துப் பெட்டியில் மிரெய் என்று தொடங்கி
அதையும் அழித்தேன்.
விதியை மீறியது அவள்தான் என்று
யாராவது கண்டுபிடித்துவிட்டால்?

ஏழு.

போன்ழூர், நான் சோஃபி.
அங்கே மழையா?