தலைக்கு இருநூறு

ஐப்பசி மழை கொஞ்சம் விட்ட சாயங்காலம்
லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன் நடைமேடையில்
இறகை உதிர்த்துவிட்ட கட்டெறும்பு ராணி ஒருத்தி
செருப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.
என் டிபன் பாக்ஸில் ஏறினாள்.
ஏறினாள் என்பது பொய்.
மூடியைச் சரித்துப் பிடித்தேன்.

லேபில் ரத்தம் பிடிக்கிற குழாய், புதிதாய் ஒன்று.
அடியில் தண்ணீர், பஞ்சு,
அவள்,
மறுபடி பஞ்சு.
பெயர், வயது, வெறும் வயிறா என்று
எழுதி ஒட்டியே பழகிய கை
அன்று தேதியை மட்டும் எழுதியது.
வெறும் வயிறுதான்.
முதல் பிள்ளைகள் நடக்கும்வரை எதுவும் தின்னமாட்டாள்.
பறப்பதற்கென்று வைத்திருந்த தசையை
உள்ளுக்குள்ளேயே கரைத்து ஊட்டுவாளாம்.
எட்வின் கேட்டுவிட்டு,
"அப்ப நமக்குச் செலவில்ல" என்றான்.

ஜெயவேலு சார் வீட்டில் முதல் மாடி எங்களுக்கு.
நாய் பூனை கூடாது.
தண்ணீருக்குத் தலைக்கு இருநூறு.
எட்வின் தம்பி நான்கு நாள் தங்கியதற்கு
ஐம்பது ரூபாயைக் கணக்கில் சேர்த்தவர்.
பீரோவில் குளிர்கால சாக்ஸுக்குள்
(சென்னையில் அதற்கு வேறென்ன வேலை)
குழாயைச் சொருகிவைத்தேன்.

ஏழு பேர் பிறந்தார்கள்.
சாயம் போன மாதிரி வெளிறி,
நடக்கத் தெரியாமல், உடனே வேலைக்குப் போனார்கள்.
இன்சுலின் ஊசியில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர்.
கரப்பான் கால் ஒன்று, மூட்டோடு.
கொசு பேட்டில் பொரிந்ததை முகர்ந்துவிட்டு
அப்படியே விட்டுவிட்டார்கள்.
பொங்கலுக்குப் பத்தொன்பது.
கத்திரி வெயிலில் கரண்ட் போன இரவெல்லாம்
ஈரத் துண்டு அவர்களுக்கு,
காலண்டர் அட்டை எங்களுக்கு.
குழாய் போதாமல் பிளாஸ்டிக் டப்பா வந்தது.
முகப் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து
விளிம்பில் பூசினால் ஏறமாட்டார்கள், வழுக்கும்.

அடுத்த பொங்கலுக்கு ஒவ்வொருத்தராய் எண்ண முடியவில்லை.
அணுக்களை எண்ணுகிற மாதிரி
டப்பாவின் கீழே கட்டம் போட்ட தாளை வைத்து
ஒரு கட்டத்தை எண்ணிப் பெருக்கினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
கழுதைதான் தேய்ந்து கட்டெறும்பாகும்.
கட்டெறும்பு வளர்ந்தால் என்னவாகும் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.
இருநூறால் பெருக்கிப் பார்த்து
எட்வின் நைட் ஷிஃப்டுக்குப் போகிறவரை சிரித்தான்.

பவுடர் உதிர்ந்த ஒரு நாள்
வாடகை வாங்க வந்தவர் சுவரில் ஒருத்தியைப் பார்த்தார்.
பேசிக்கொண்டே கட்டைவிரலால் தேய்த்தார்.
சாயங்காலம் எறும்புச் சாக்பீஸோடு வந்து
அவரே குனிந்து, முட்டி வலியோடு,
வாசல், ஜன்னல், சமையல் மேடை எல்லாம் கோடு போட்டார்.
"இதுக்கெல்லாம் காசு வேணாம்மா."
உண்மையிலேயே நல்ல மனுஷன்.
அன்று ராத்திரி
வீடு முழுக்க ஈரத்துணியால் துடைத்தேன்.
சுவரில் அந்த இடத்தை மட்டும் துடைக்கவில்லை.
ஏன் என்று எட்வின் கேட்கவில்லை.

சித்திரையில் வாடகை ஏறும் என்றார்.
வேறு வீடு பார்க்கிறோம். கொளத்தூர் பக்கம் ஒன்று,
தண்ணீர் வரும் என்கிறார்கள்.
டப்பாவும் பூஞ்சை பிடித்துவிட்டது.
பக்கத்திலேயே புதிது வைத்து, நடுவே குழாய் போட்டு,
புதியதைக் கறுப்புத் துணியால் மூடி
பழையதன் மேல் விளக்கை எரியவிட்டேன்.
விரட்டக் கூடாது. அவர்களாகத்தான் போக வேண்டும்.
ஒன்பது நாள் யாரும் அசையவில்லை.
பத்தாம் நாள் இரவு
ஒருத்தி ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு
குழாய் முழுக்க நடந்து, புது வீட்டில் இறக்கிவைத்தாள்.
தூங்கப் போனேன்.
காலையில் அதே புழுவைத் தூக்கிக்கொண்டு
திரும்பி வந்துகொண்டிருந்தாள்.
அதே புழு என்று எப்படித் தெரியும் என்றான் எட்வின்.
தெரியாதுதான்.

மாடிப்படியில் சாரின் குரல்.
"எப்பம்மா காலி பண்றீங்க?"
டப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு
"இன்னும் முடிவாகல சார்" என்றேன்.