மூன்று பேராக ஆடியவர்

கப்பன் பார்க் சிவப்பு நூலகத்தில்
தூசிக்குத் தும்மித் தும்மிப் புரட்டியதில்
மொத்தம் ஆறு ஆட்டம்.
ஆங்கிலப் பத்திரிகையில் அவர் ஆல்ப்பா.
கன்னடத்தில் அருளப்பா.
மதறாஸிலிருந்து ரயிலில் வந்த தமிழ்த் தாளில்,
ஒரே ஒரு வரியில், அருமைநாதன்.
மூவரும் வலது விங்.
மூவரும் ஒரே மில்லுக்கு.
மூவரையும் ஓர் ஆளாகக் கூட்ட
எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

பந்து உதைக்கச் சம்பளம்!
மாதம் நாற்பத்தைந்து ரூபாய்,
நூற்புப் பிரிவில் பேருக்கு ஒரு வேலை,
ஆட்டத்தன்று முட்டை ஒன்று, பால் ஒரு டம்ளர்.
ரசீதில் கையெழுத்து இருக்கிறது.
அருளப்ப வரைக்கும் கட்டத்துக்குள் நின்று
ன் மட்டும் கோட்டைத் தாண்டி ஓடுகிறது.

அதுவரை ஆஸ்டின் டவுன் மைதானத்தில்
எல்லாரையும்போல வெறுங்கால்தான்.
பந்தின் தையல் எந்தப் பக்கம் என்று
குனியாமலே கட்டைவிரலுக்குத் தெரியுமாம்.
சொன்னவர் அந்தோணி தாஸ், எதிரணி பேக்.
தொண்ணூற்றொன்று வயது.
கோபம் இன்னும் ஆறவில்லை.

சம்பளம் வாங்குகிறவன் வெறுங்காலில் ஓடினால்
மில்லுக்குக் கௌரவம் இல்லை என்று
மேனேஜர் பதினொரு ஜோடி பூட்ஸ் தருவித்தார்.
எல்லாம் ஒன்பதாம் நம்பர்.
அருளப்பன் கால் ஆறு.
மில்லில் கழிவுப் பஞ்சுக்கா பஞ்சம்?
அடைத்துக்கொண்டு இறங்கினார்.

முதல் ஆட்டம்: 'சேற்றில் எருமை.'
மூன்றாவதில் பெயரே இல்லை.
ஐந்தாவது, மழை. பஞ்சு ஊறி
ஒரு காலுக்கு ஒரு படி தண்ணீர்.
பெனால்டி புளியமரத்துக்குப் போனது.

ஆறாவதில் கோல்.
எப்படி என்று எந்தத் தாளிலும் இல்லை.
கர்னலின் மனைவி பரிசு கொடுக்க வந்திருந்தார்.
தொப்பியைப் பற்றி அரைப் பத்தி.

'நான் சொல்றேன் கேளு' என்றார் அந்தோணி தாஸ்.
'உதைச்சான். பந்து ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம்.
எங்க கோலி பூட்ஸைப் பிடிக்கப் பாய்ஞ்சான்.
நானும்.'

மிச்சம் இருபது நிமிடம்.
இன்னொரு பூட்ஸையும் கழற்றிக் கோட்டோரம் வைத்துவிட்டு
அவர் ஆடினார்.
அதைப் பற்றி அந்தோணி தாஸ்
வாய் திறக்கவில்லை.
கையை மட்டும் காற்றில்
இப்படியும் அப்படியுமாக வளைத்துக் காட்டினார்.

அடுத்த மாதப் பேரேடு:
ஒழுங்கு மீறல். நீக்கம்.
பூட்ஸ் ஒரு ஜோடி திரும்பி வரவில்லை,
பிடித்தம் ரூபாய் பதினெட்டு, அணா நாலு.

மகள் பிலோமினா, காக்ஸ் டவுன், மூன்றாம் மாடி.
'ஃபுட்பாலா? எங்கப்பாவா?
ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கினவர்ங்க.'
பிறகு, குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்தபின்,
'ஒரு பூட்ஸ் இருந்தது.
கோழி அதில்தான் முட்டையிடும்.
நகர்த்த விடமாட்டார்.'
எந்தக் கால்?
கண்ணை மூடித் தன் காலை நீட்டிப் பார்த்தாள்.
'இடது.'

வலதைக் கேட்க
மறுபடி அந்தோணி தாஸிடம் போனேன்.
காபி குடிக்கிறாயா என்றார்.
மழை வரும்போலிருக்கிறது என்றார்.
கட்டிலுக்கடியில் தொங்கிய போர்வையைக்
காலால் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.