பக்கந்தான்

பொட்டலத்தின் மேல் அச்சாகியிருப்பது
லோரோங் செம்பாக்கா நான்கு, எண் பதினேழு.
போன் போட்டால்,
"ரோலர் கொட்டாய்க்கு இந்தாண்டை லா,
பக்கந்தான்."
ரோலர் கொட்டாயை இடித்து
எண்ணெய் நிலையம் கட்டியபோது
நான் பிறக்கவே இல்லை.
ஆனாலும் மோட்டார் சரியாகத்தான் திரும்புகிறது.

சுங்கை பெலிம்பிங்கில்
ஆறு வருடமாய்ப் பொட்டலம் கொடுக்கிறேன்.
கோடு எங்கே என்று கேட்டால்
யாரும் யோசிப்பதில்லை, உடனே கை நீட்டுவார்கள்.
இரண்டு கைகள் ஒரே இடத்தைக் காட்டி
நான் பார்த்ததில்லை.

ஒட்டுக்கடை புவனேஸ்வரிக்குக் கால்வாய்தான் எல்லை.
அதைத் தாண்டினால் 'உள்ளே'.
தோட்டத்தை விற்றாகிவிட்டது, செம்பனை சாய்ந்தாகிவிட்டது,
எட்டு லட்ச வெள்ளி மாடிவீடுகளுக்கு முன்
நேப்பாளத்துக் காவலாளி சலாம் வைக்கிறான்.
அங்கே குடிவந்த டாக்டரை அவள்
"உள்ளே இருக்காரு" என்பாள்,
பிணை கிடைக்காதவரைச் சொல்வதுபோல.

வீரப்பெருமாளுக்கு மூக்குதான் அளவுகோல்.
எண்ணெய் ஆலை நாற்றம் எதுவரை வருமோ
அதுவரை முதல் டிவிஷன்.
காற்று திரும்பினால்?
"அன்னிக்கு நாங்க கொஞ்சம் பெரிய ஊரு."

ரொட்டி பாய்
மூன்றாம் விளக்குக் கம்பத்தோடு ஹாரனை நிறுத்திவிடுவார்.
அதற்கப்பால் யாரோ தராத பதினெட்டு வெள்ளி.
கடன்காரர் ஜோகூருக்குப் போய்ப் பேரனும் எடுத்துவிட்டார்,
கம்பம் மட்டும் இன்னும் எல்லைக் கம்பம்.
அந்தாண்டைப் பிள்ளைகள்
காயா ரொட்டிக்குச் செருப்பில்லாமல் ஓடிவருகிறார்கள்.

டயர் கடை ஆ கெங்கைக் கேட்டேன்,
நீங்கள் எந்தப் பக்கம்?
"தேர் என் கடை முன்னால திரும்புது.
பன்னீர் என் சட்டையில விழுது.
நீயே சொல்லு."

போன வருடம் நகராண்மைக் கழகத்திலிருந்து
சுல்கிஃப்லி என்றொரு அதிகாரி வந்தார்.
அளந்தார், வியர்த்தார், ஐஸ் மைலோ குடித்தார்.
மூன்றாம் நாள் பச்சைப் பலகை ஒன்று நின்றது:
தாமான் இங்கே தொடங்குகிறது.
மறுநாள் காலையில் பலகை
நாற்பது அடி வடக்கே நின்றது.
திரும்ப நட்டார்கள்.
அடுத்த வாரம் தெற்கே.
பிறகு சிமெண்ட் ஊற்றினார்கள்.
இப்போது சிமெண்டோடு சேர்ந்து
வாய்க்காலில் சாய்ந்து கிடக்கிறது,
உடும்பு ஒன்று அதன்மேல் வெயில் காய்கிறது.
அந்த மாதம் நான்
இரண்டு வீடுகளுக்குக் கடப்பாரை கொடுத்தேன்.
யார் யாருக்கு என்று கேட்காதீர்கள்.
பொட்டலக்காரிக்கு வாய் கிடையாது.

நாங்கள் இருப்பது
கேஸ் கடைக்குப் பின்னால் ஒன்பது வீட்டு வரிசை.
மேட்டுக்காரர்கள் எங்களைப் பள்ளம் என்பார்கள்,
பள்ளத்துக்காரர்கள் மேடு.
தண்ணீர் வெட்டினால்
இரண்டு அட்டவணையிலும் எங்களுக்கு வெட்டு.

அப்பா தவறிய இரவு
மேட்டு மரணச் சங்கமும் வந்தது,
பள்ளத்து மரணச் சங்கமும் வந்தது.
நோட்டைப் புரட்டினார்கள்.
இரண்டிலும் பெயர் இல்லை.
மாதம் ஐந்து வெள்ளி சந்தா கேட்டு
எங்கள் வரிசைக்குள் யாரும் நுழைந்ததே இல்லை,
அவர்கள் வாங்குவார்கள் என்று இவர்களும்
இவர்கள் வாங்குவார்கள் என்று அவர்களும்.
வாசலில் நின்று மெதுவான குரலில்
பேசினார்கள், பேசினார்கள்.
அம்மா உள்ளேயிருந்து
"கால் கட்டணும், யாராச்சும் வாங்க" என்றாள்.
கூடாரம் கொண்டுவந்தது ஆ கெங்.
நாற்காலிகளின் முதுகில்
எந்தப் பக்கம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.
அன்றைக்கு நான் எதையும் படிக்கவில்லை.

இப்போது முதல் தேதியானால்
இரண்டு சங்கத்திலிருந்தும் வருகிறார்கள்,
காலையில் ஒருவர், விளக்கு வைத்தபின் ஒருவர்.
இருவருக்கும் ஐந்து ஐந்து வெள்ளி.
ரசீதுகளை ஒரே ஆணியில் குத்தி வைக்கிறேன்.
ஒரே வீடு,
இரண்டு முகவரி.
இரண்டையும் கொண்டு இதுவரை
ஒரு பொட்டலமும் வந்து சேர்ந்ததில்லை.