பிறக்காத புனிதரிடம்

ராமோன்,
உன் சுரூபத்தின் வாயில் இன்னும் அந்தப் பூட்டு.
பதில் வராது என்று தெரிந்துதான் பேச வந்தேன்.
நான் தெக்லா, மேட்டுத் தெரு மருத்துவச்சி.
முப்பத்தோரு வருடமாக உன் காலடியில்
கடனுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள்.

செகர்ராவில் எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும்.
வலி கண்டதும் உன் பெயருக்கு ஒரு திரி.
அது எரிந்து முடிவதற்குள் தலை தெரியும்.
தெரியாவிட்டால் இன்னொரு திரி.
மெழுகு விற்பது கோவில்பிள்ளைதான்,
அதை விடு.

அன்றைக்குப் பனி கதவின் பாதிவரை.
லேய்தா பாதையில் கோவேறு கழுதைகூடக் கால் வைக்கவில்லை.
இரண்டாம் இரவு, விடிகிற நேரம்,
"பாதாம் பூத்துவிட்டதா" என்று கேட்டாள் ரெமெய்.
பூக்கவில்லை.
பூத்துவிட்டது என்றேன்.
அதற்குப் பிறகு அவள் கை என் கையில் வெறும் கையாக இருந்தது.
வயிற்றுக்குள் மட்டும் யாரோ
கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வந்தது ஆட்டு வைத்தியர் ஒலெகெர்.
கத்தியை அடுப்பில் காட்டினார்,
"பெண்ணுக்குச் செய்ததில்லை" என்றார்.
"அவளும் இதற்கு முன் செத்ததில்லை" என்றேன்.

பூனைக்குட்டி எடை. பெண்.
நீலம் மாறிச் சிவந்து,
எங்கள் எல்லாரையும் திட்டுவதுபோல் அழுதாள்.

"புதுமை! புதுமை!" என்று பனியில் சறுக்கிக்கொண்டே
பங்குச்சாமியார் வந்தார்.
உன் கதையை மறுபடியும் சொன்னார்:
செத்த தாய், வழியில் வந்த பிரபு,
இடுப்பிலிருந்த கட்டாரி,
பிறக்காமலே வந்த நீ.
பிரபுவின் பட்டம் அவருக்குத் தெரியும்.
கட்டாரியின் பிடி எப்படி என்றுகூடச் சொன்னார்.
உன் அம்மா பெயர் கேட்டேன்.
ஏட்டில் இல்லையாம்.

ஏட்டில் இருக்கிறவர்களை நான் அறிவேன், ராமோன்.
சாரா சிரித்தாள். தொண்ணூறில் எனக்கும் சிரிப்பு வரும்,
அந்த முழங்காலோடு யார் பெறுவது.
அன்னா உதடு மட்டும் அசைத்து வேண்டினாள்,
குடித்திருக்கிறாள் என்றார் குரு.
எலிசபெத்து ஐந்து மாதம் வெளியே தலை காட்டவில்லை.
அவளை எனக்கு மிகவும் பிடிக்கும்:
தங்குமா என்று தெரியாத வயிற்றை
தெருவுக்குக் காட்டக் கூடாது.
மாதாவுக்கு எத்தனை படம் வரைந்திருக்கிறார்கள்,
தொழுவத்தில் நஞ்சுக்கொடியைப் புதைத்தது யார் என்று
ஒன்றிலாவது இருக்கிறதா?
ஆனால் அவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து
பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள்.
என் கணக்கில் புதுமை அதுதான்.

ஞானஸ்நானத்துக்கு ரமோனா என்றார் சாமியார்.
நாத்தனார்கள் தலையாட்டினார்கள்.
"இல்லை" என்றேன்.
என்ன உரிமையில் சொன்னேனோ.
"செத்தவள் பெயர் வைத்தால் செத்தவள் வந்து கேட்பாள்"
என்றாள் மூத்தவள்.
எல்லாரும் பெர்னாத்தைப் பார்த்தார்கள்.

மூன்று நாளாக அவன் வாய் திறக்கவில்லை.
செக்கரியாவின் வாயையாவது ஒரு சம்மனசு கட்டிப்போட்டது.
இவனை யார் பூட்டினார்கள்?
மாவுக்கடன் எழுதும் பலகையை எடுத்தான்.
யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதையெல்லாம்
சட்டைக் கையால் துடைத்தான்.
எழுதினான், ஓர் எழுத்து தலைகீழாக:
ரெமெய்.

செக்கரியாவுக்கு அப்போதே நாக்கு அவிழ்ந்ததாம்.
பெர்னாத்துக்கு இன்னும் இல்லை.
பிள்ளையைத் தூக்கும்போது தொண்டையில் ஏதோ உருள்கிறது,
அவ்வளவுதான்.

இதோ, அன்றைய மெழுகுவர்த்தி.
கதவு திறந்து மூடியதில் பாதியிலேயே அணைந்திருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை.
இதை உன் அம்மாவுக்கு ஏற்றிவிட்டுப் போகிறேன்.
நீ கோபித்தாலும் சரி.

கொல்லன் மருமகளுக்கு இது ஒன்பதாம் மாதம்,
இடுப்பு ஒடுங்கியவள்.
அவளுக்குப் புதிதாக ஒன்று வேண்டும்.
கையில் காசில்லை.
கடனில் எழுதிக்கொள்ளச் சொல் கோவில்பிள்ளையிடம்,
மருமகள் என்று அல்ல,
கிஸேலா என்று.