ஆறாவது எலும்பு

மணிக்கட்டில் எட்டு எலும்பு.
படகு, பிறை, முக்கோணம், பட்டாணி,
சரிவகம், குட்டிச் சரிவகம்.
ஆறாவதைச் சொல்லும்போது
ரயேன் எழுந்துவிடுவாள்.
நேற்றும். முந்தாநாளும்.
பால் ஆற்றி, முதுகு தட்டி,
நனைந்த போர்வையை மாற்றிவிட்டு வந்தால்
மறுபடி படகிலிருந்துதான்.

பாட்ரிசியோ நண்டுப் படகில் தெற்கே போய்ப்
பதினெட்டு நாள்.
கரை தொட்டால்தான் அவன் போன் பேசும்.
சமையல் மேடையில் வடியும் நூடுல்ஸ்,
பக்கத்தில் உடற்கூறியல்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மிலென்கோ டைனோசர் வரைந்திருக்கிறான்,
தோள்பட்டை எலும்பை அதற்குச் சிறகாக்கி.
"ஏம்மா, நீ இன்னுமா படிக்கக் கத்துக்கலை?"
நாலு வயசுக்காரனுக்கு என்ன சொல்ல.
இல்லடா. கத்துக்கிட்டே இருக்கேன்.

தேர்வன்று புன்டா அரேனாஸில்
காற்று மணிக்கு நூறு கிலோமீட்டர்.
காப்பகம் பூட்டு.
மாடிவீட்டு நேவென்கா
ரொட்டிப் பட்டறையின் இரவுப் பணி முடிந்து
மாவு ஒட்டிய புருவத்தோடு கதவைத் திறந்தாள்.
"ரெண்டு மணி நேரம். அப்புறம் நான் விழுந்துடுவேன்."

கூடத்தில் அப்படியொரு அமைதி.
அவ்வளவு அமைதியில்
நான் ஒரு வரி படித்ததில்லை.
மூன்றாம் கேள்வி, ஒரு எக்ஸ்ரே:
இரண்டு வயதுக் குழந்தையின் மணிக்கட்டு.
எட்டு இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளையாய் இரண்டே புள்ளி.
மற்றவை இன்னும் எலும்பாகவில்லை.
இந்த இரண்டின் பெயர் என்ன?

படகில்லை. பிறையில்லை.
தெரிந்த ஆறும் வரிசையில் வந்து நின்று
கையை விரித்தன.
யாராவது ஒரு பிள்ளை அழுதால்
அதற்கப்புறம் இருப்பது ஞாபகம் வருமோ என்று
கொஞ்சம் காத்திருந்தேன்.
பேனாக்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.
இடம் விட்டு
நான்காவதுக்குப் போனேன்.

மாலை, பால் வாங்க இறங்கினோம்.
தெருமுனைகளில் நகராட்சி
பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தது.
மிலென்கோ என் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டான்.
ஒரு கையில் கயிறு,
மறு கையில் ரயேனின் மணிக்கட்டு.
குருத்தாய், இன்னும் ஆகாததாய்,
என் கட்டைவிரலுக்குக் கீழே.

தலை.
கொக்கி.

மகெல்லன் நீரிணையைப் பார்த்துக் கத்தினேன்.
தலை! கொக்கி!
புது விளையாட்டென்று மிலென்கோவும் கத்தினான்.
ரயேன் கையை உருவப் பார்த்தாள்.
விடவில்லை.