எட்டு வெள்ளி வானம்

சௌரஸ்தா சந்தை வாசலில் வாங்கிய குடை.
பத்து வெள்ளி என்றான், எட்டுக்கு இறங்கினான்.
விரித்தால் சுழித்துக்கொண்டு ஓடும் நீலம்,
நட்சத்திரம் ஒவ்வொன்றும்
எண்ணெயில் பிழிந்த முறுக்கு.

காலை ஏழரை மணி. பினாங்கு ஃபெரி வரிசை.
வான்கோவின் ராத்திரிக்குக் கீழே
நாங்கள் நாலு பேர்:
மீன்கூடைக்கார அக்கா, பள்ளிச் சீருடை ஒன்று,
நான்,
பிறகு யாருடையது என்று தெரியாத ஒரு தோள்.

மழை பக்கவாட்டில் அடித்தது.
மலிவுச் சாயம், ஒழுகிவிட்டது.

பட்டர்வொர்த்தில் லிஃப்ட் கண்ணாடி காட்டியது:
வெள்ளைக் காலரில்
கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"சாம்பாரா?"
துடைக்கக் கை நீட்டினாள் தவமலர்.

தொடாதே.
நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால்
ஒருத்தன் அப்பியது.
இன்னும் காயவில்லை.